இரும்புக்கை மாயாவியும் இறக்கை முளைத்த குதிரையும்

 

தங்கள் இல்லத்தில் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளை இருக்குமாயின், தலையணைக்கு அடியிலோ பாடப்புத்தகத்தின் நடுவிலோ காமிக்ஸ் புத்தகம் ஒன்றைத் தாங்களும் கண்டெடுத்திருக்கக் கூடும். கண்டெடுத்ததும் என்ன செய்தீர்கள்? நான் செய்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

புதுச்சேரி மூலக்குளத்தில் பகலில் மத்ரஸா மாணவர்களுக்குத் தமிழும் வரலாறும் கற்பிப்பதும், மாலையில் சிறு பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பதும் என் பணி. கலைக் கல்லூரியில் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன். ஆலிம் பட்டம் பெற்றவன் அல்லன். ஆகவே இங்கே நான் எழுதுவது மார்க்கத் தீர்ப்பு அன்று. சிறு வயதில் மாயாஜாலக் கதைகளுக்கு அடிமையாய்க் கிடந்து, பிறகு அவற்றை மறந்து, மீண்டும் அவற்றின் முன் வந்து நிற்க நேர்ந்த ஒரு வாசகனின் கருத்து, அவ்வளவே.

சென்ற ஆண்டு ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு பிள்ளைகள் வட்டமாக அமர்ந்து ஓதிக் கொண்டிருந்தனர். பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனின் பார்வை மட்டும் ஓதும் பலகைக்குக் கீழே அடிக்கடி சென்று வந்தது. குனிந்து பார்த்தேன். ஓரங்கள் நைந்துபோன ‘இரும்புக்கை மாயாவி’ இதழ் ஒன்று அவன் மடியில் இருந்தது. காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பழைய புத்தகக் குவியலிலிருந்து அவனுடைய மாமா எடுத்துத் தந்ததாம். “ஓதுகிற இடத்தில் பொய்ப் புத்தகமா?” என்று மற்றப் பிள்ளைகளின் முன்னிலையில் உரத்த குரலில் கேட்டு, அதைப் பிடுங்கிக் கொண்டேன்.

அவன் அழவில்லை. தலையைக் குனிந்தபடியே, “பொய் இல்லை ஹஜ்ரத், கதை” என்றான்.

எதிர்த்துப் பேசியதற்காக அவனை அன்று எழுப்பி நிறுத்தினேன். மறுநாள் அவன் வந்தான், ஓதினான், என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆங்கில வழிப் பள்ளியில் படிக்கும் பிள்ளை அவன். தமிழை எழுத்துக் கூட்டித் தடுமாறிப் படிப்பான். அத்தகையவன் நாற்பது, ஐம்பது பக்கத் தமிழ்ப் புத்தகத்தை யாருடைய வற்புறுத்தலும் இன்றிப் படித்துக் கொண்டிருந்தான் என்பது எனக்கு இரண்டு நாட்கள் கழித்தே உறைத்தது.

அன்றிரவு இஷா தொழுகைக்குப் பின் அந்தப் புத்தகத்தைச் சும்மா புரட்டத் தொடங்கியவன் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டேன். “பிள்ளையிடம் பிடுங்கியதை வாத்தியார் படிக்கிறாரோ?” என்று என் மனைவி சிரித்தார்.

இளைய வாசகர்களுக்காக இந்த மாயாவியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1962-ல் ‘வாலியண்ட்’ என்னும் இங்கிலாந்துச் சிறுவர் வார இதழில் தோன்றியவர் இவர். பெயர் லூயிஸ் கிராண்டேல். ஆய்வுக்கூட விபத்தில் வலக்கையை இழந்து, இரும்புக் கை பொருத்திக் கொண்டவர். மின்சாரம் பாய்ந்தால் அவருடைய உடல் முழுவதும் மறைந்துவிடும்; இரும்புக் கை மட்டும் காற்றில் மிதப்பது போலத் தெரியும். தொடக்கத்தில் தீய வழியில் சென்று, பிறகு திருந்தி நல்லவர்களுக்குத் துணை நின்றார். 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து வெளிவந்த முத்து காமிக்ஸின் முதல் இதழே இவருடைய கதைதான். தமிழகத்துச் சிறுவர்கள் பலர் மின்சாரப் பொத்தான்களின் அருகே விபரீத ஆசையோடு நின்றதற்கு இவரே காரணம். நானும் நின்றிருக்கிறேன். ‘சுரீர்’ என்றதே தவிர, மறையவில்லை.

மறுமையில் வாய்கள் முத்திரையிடப்பட்டு, கைகள் பேசும் என்று பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவன் நான். உடல் மறைந்தும் கை மறையாத ஒரு மனிதனின் கதை, இத்தனை ஆண்டுகளுக்குப் பின் படிக்கையில் எனக்கு வேறொன்றாகத் தெரிந்தது. யார் கண்ணுக்கும் படாமல் அவன் எங்கும் நுழையலாம்; ஆனால் எந்தக் கையால் செயல்படுகிறானோ அந்தக் கை மட்டும் அவனைக் காட்டிக் கொடுத்துக் கொண்டே இருக்கிறது. எழுதியவர் இதையெல்லாம் நினைத்து எழுதியிருக்க மாட்டார்.

ஆனால் அன்றிரவு என்னைத் தூங்கவிடாதது மாயாவி அன்று. 1991-ல் எங்கள் வீட்டு வெந்நீர் அடுப்பு.

எனக்கும் அப்போது பதினொரு வயது. என் அத்தா பெரிய மார்க்கெட் அருகே ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதி வந்தார். ஐவேளைத் தொழுகையைத் தவறவிடாதவர், கைசுத்தமானவர், பிறர் காசு பத்து பைசா கூடுதலாக வந்துவிட்டால் திரும்பச் சென்று கொடுப்பவர். ரெட்டியார்பாளையத்து வாடகை நூல்நிலையத்திலிருந்தும், நண்பர்களிடம் மாற்றியும் நான் சேர்த்து வைத்திருந்த ராணி காமிக்ஸ், முத்து காமிக்ஸ், அம்புலிமாமா இதழ்கள் இருபத்து மூன்றையும் ஒருநாள் விடியற்காலையில் கண்டுபிடித்து, வெந்நீர் அடுப்பில் ஒவ்வொன்றாக வைத்தார். “பொய்யைப் படிக்கிற பிள்ளை பொய்தான் பேசும்” என்றார். அவற்றுள் நான்கு, வாடகைக்கு எடுத்தவை. அபராதத்தை என் உண்டியலிலிருந்து கட்டினேன்.

இதே அத்தாவுடைய தாயார், எங்கள் நன்னிம்மா, மின்சாரம் நின்ற இரவுகளில் முற்றத்தில் பாய் விரித்து எங்களுக்குக் கதை சொல்வார். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. அரபுத்தமிழ் சரளமாக வாசிப்பார். அவர் சொன்ன கதைகளில் நான் மறக்கவே மாட்டாதது தாமிரப்பட்டணத்தின் கதை. சுலைமான் நபி ஜின்களை அடைத்து முத்திரையிட்டுக் கடலில் எறிந்த செம்புக் குடங்களைத் தேடி ஒரு கூட்டம் பாலைவனத்தில் செல்கிறது. வாசலே தென்படாத ஒரு கோட்டை எதிர்ப்படுகிறது. மதில் மேல் ஏறியவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சிரித்துக் கொண்டே உள்ளே குதித்து மடிகிறார்கள். இறுதியில் உள்ளே நுழைந்தால், கடைவீதியில் கடைக்காரர் அமர்ந்தபடியே இறந்திருக்கிறார். அரண்மனையில் அரசி உயிரோடு இருப்பவள் போலக் கண் திறந்தபடி இருக்கிறாள். அவளும் இறந்தவளே. நன்னிம்மா இந்த இடத்தில் நிறுத்தி வெற்றிலையை மடிப்பார். அந்த நிசப்தத்தில் அத்தாவும் திண்ணையில் அமர்ந்து கேட்டுக் கொண்டிருப்பார்.

புத்தகங்கள் எரிந்த அன்று, “நன்னிம்மா சொன்னது மட்டும் நிஜமா அத்தா?” என்று கேட்டேன். கன்னத்தில் ஒன்று விழுந்தது. பதில் வரவில்லை.

பின்னாளில் கல்லூரியில் படிக்கும்போதுதான் அக்கதையின் பூர்வீகம் அறிந்தேன். ஆயிரத்தொரு இரவுகளில் அது உண்டு. நம் தமிழகத்திலோ, கீழக்கரையின் மாபெரும் ஆலிம், இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் அதே பட்டணத்தின் பெயரால் ‘மதீனத்துன் நுஹாஸ்’ என்றொரு நெடுங்கதையை அரபுத்தமிழில் எழுதியிருக்கிறார்கள். அது 1858-ஐச் சேர்ந்தது என்பர். தமிழின் முதல் நாவல் என்று பள்ளிகளில் நாம் சொல்லிக் கொடுக்கும் பிரதாப முதலியார் சரித்திரம் அச்சேறியது 1879-ல். ஆயிரக்கணக்கானோருக்குத் தீன்வழி காட்டிய, மத்ரஸா நடத்திய ஒரு பெரியார் கதை எழுத உட்கார்ந்தார்களே, அவர்களுக்குப் பொய்க்கும் கதைக்கும் உள்ள வேறுபாடு தெரியாமலா இருந்திருக்கும்?

அதே 1991-ல் நிகழ்ந்த இன்னொன்றையும் கூறியாக வேண்டும். மதீனாவில் நபி (ஸல்) அவர்களின் அடக்கத்தலத்துப் பணியாளர் ஷேக் அஹ்மத் என்பவர் கண்ட கனவு என்று சொல்லி ஒரு கடிதம் ஊர் ஊராகச் சுற்றி வந்ததை மூத்த வாசகர்கள் அறிவார்கள். அதைப் பிரதியெடுத்துப் பிறருக்குக் கொடுப்பவருக்குச் செல்வம் வரும், அலட்சியம் செய்பவருக்குத் துன்பம் நேரும் என்று அதில் எழுதியிருக்கும். எங்கள் வீட்டுக்கும் வந்தது. அத்தா நடுங்கிப் போனார். என்னிடம் காசு கொடுத்து ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பினார். முப்பது பிரதிகள். ஜும்ஆ முடிந்து வெளியே வருவோரிடம் நானே நின்று கொடுத்தேன். அந்தக் கடிதம் முற்றிலும் புனைந்துரை என்று சவூதி அரேபியாவின் பேரறிஞர் ஷேக் அப்துல் அஸீஸ் பின் பாஸ் அவர்கள் விரிவாக மறுத்து எழுதியிருந்தார்கள் என்பதை மிகவும் பிந்தியே அறிந்தேன். கதை என்று தன்னைத் தானே ஒப்புக்கொண்ட புத்தகங்கள் எங்கள் வீட்டில் அடுப்புக்குப் போயின. நபியவர்களின் பெயரில் புனையப்பட்டது முப்பது பிரதியாகப் பெருகிப் பள்ளிவாசல் வரை சென்றது. இரண்டையும் செய்தவர் ஒரே மனிதர். பொய்க்கு அஞ்சிய நல்ல மனிதர். அவர் இன்று இல்லை. அல்லாஹ் அவருடைய பிழைகளைப் பொறுப்பானாக! அவரைக் குறை கூற இதை எழுதவில்லை. சென்ற ஆண்டு மக்தபில் என் வாயிலிருந்து வந்தது அவருடைய சொல் என்பதால் எழுதுகிறேன்.

இப்போது அக்கடிதத்தின் பேரப்பிள்ளைகள் கைபேசியில் வருகின்றன. மேகத்தில் எழுத்து, மரத்தில் எழுத்து, பத்துப் பேருக்கு உடனே அனுப்பு என்ற மிரட்டல். மகனின் காமிக்ஸைக் கிழித்த கையாலேயே அவற்றை அனுப்பி வைக்கும் பெற்றோரை நான் அறிவேன். எனக்கும் அனுப்புகிறார்கள்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களைப் பற்றிய ஒரு செய்தி அபூதாவூத் நூலில் பதிவாகியுள்ளது. நபி (ஸல்) அவர்கள் ஒரு போரிலிருந்து வீடு திரும்பிய சமயம், காற்றில் திரை விலகி, ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகள் தெரிகின்றன. அவற்றின் நடுவே துணித்துண்டால் இறக்கை வைத்த குதிரை ஒன்று. இது என்ன என்று நபியவர்கள் வினவ, குதிரை என்கிறார்கள். குதிரைக்கு இறக்கையா என்று மீண்டும் வினவ, சுலைமான் நபிக்கு இறக்கையுள்ள குதிரைகள் இருந்ததைத் தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று எதிர்க்கேள்வி போடுகிறார்கள் அன்னையவர்கள். கடைவாய்ப் பற்கள் தெரியுமளவு சிரித்தார்களாம் நபி (ஸல்) அவர்கள். இந்தச் செய்தியை நான் பலமுறை படித்திருக்கிறேன். பொம்மைகளுக்கு அனுமதி உண்டா என்ற சட்டப் பகுதியில் வைத்தே படித்திருக்கிறேன். அந்தச் சிரிப்பைக் கவனித்ததில்லை. பறக்கும் குதிரையைத் தைத்த சிறு விரல்களும், எதிர்க்கேள்வியும், சிரிப்பும் நிறைந்த ஒரு வீடு அது. என் பிள்ளையும் எதிர்க்கேள்வி கேட்டான். நான் அவனை எழுப்பி நிறுத்தினேன்.

இதற்கு எதிர்வாதம் உண்டு என்பதை மறைக்க மாட்டேன். மக்காவில் நள்ர் பின் ஹாரிஸ் என்பவன் பாரசீகத்து ருஸ்தம், இஸ்ஃபந்தியார் வீரக்கதைகளைச் சொல்லி, குர்ஆன் கேட்க வந்த மக்களைத் திசை திருப்பினான். வீண் பேச்சை விலைக்கு வாங்குவோரைக் கண்டிக்கும் வசனத்துக்கு விளக்கம் எழுதியவர்கள் இவனைக் குறிப்பிடுவார்கள். உண்மையே. ஓதும் நேரத்தில் பலகைக்கு அடியில் வைத்துப் படித்தது பிழை; அந்த வேளையில் அதை வாங்கி வைத்தது சரியென்றே இன்றும் கருதுகிறேன். அதைப் பொய் என்று சொன்னதும், பலர் முன் அவமதித்ததும், திருப்பித் தராததும் வேறு கணக்கு. காமிக்ஸில் உருவப்படங்கள் இருக்கின்றனவே என்று கேட்போருக்கு என்னிடம் பதில் இல்லை. அதை ஆலிம்களிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

எல்லா மாயக்கதைகளையும் நான் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறேன் என்று எண்ண வேண்டாம். சிறு வயதில் நான் மிக விரும்பிய முகமூடி வீரர் ஒருவர் உண்டு. ராணி காமிக்ஸில் அவரையும் மாயாவி என்றே அழைத்தார்கள். 1936-ல் அமெரிக்காவில் லீ ஃபாக் படைத்த பாத்திரம். இருபத்தொரு தலைமுறையாக ஒரு வெள்ளையர் குடும்பம் குகையில் மண்டை ஓட்டு அரியணையில் அமர்ந்து, காட்டு மக்களுக்கெல்லாம் நீதி வழங்குகிறது. அந்தக் காட்டில் நீதி சொல்லத் தெரிந்த கறுப்பர் ஒருவரும் பிறக்கவே இல்லையா என்று எனக்குப் பதினொரு வயதில் தோன்றவில்லை. 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சுக் கொடி பறந்த ஊரின் பிள்ளைக்கு அது தோன்றியிருக்க வேண்டும். என் அத்தா அடுப்பை மூட்டாமல் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், அக்கதைகளை நானே கொஞ்சம் தள்ளி வைத்திருப்பேன்.

நம்மவரே நமக்கென்று காமிக்ஸ் செய்தால் என்ன? செய்தார்கள். குவைத் நாட்டு நாயிஃப் அல்முதவ்வா 2006-ல் ‘தொண்ணூற்றொன்பது’ என்ற காமிக்ஸைக் கொண்டு வந்தார். அல்லாஹ்வின் திருநாமங்களிலிருந்து பெற்ற பண்புகளைத் தாங்கிய வீரர், வீராங்கனையர் கதை. உலகப் புகழ் பெற்றது. கடும் எதிர்ப்பும் வந்தது. 2014-ல் சவூதியின் தலைமை முஃப்தி அதைக் கண்டித்தார். என் கருத்தைக் கேட்டால், திருநாமங்களைக் கதைவீரர்களோடு பொருத்தியது எனக்கு உவப்பாக இல்லை. ஆயினும் அதனினும் பெரிய குறையாக எனக்குப் படுவது, பாடம் புகட்டுவதற்கென்றே செய்த கதையைப் பிள்ளை மூன்றாம் பக்கத்திலேயே மோப்பம் பிடித்துவிடும் என்பது. தாமிரப்பட்டணமும் மரணத்தைப் பற்றிய பாடம்தான். அங்கே முதலில் நாம் மதில் மேல் ஏறிப் பயப்படுகிறோம். பாடம் வீட்டுக்கு வந்து படுத்த பின்பு வருகிறது.

ஹாரி பாட்டர் பற்றியும் கேட்கிறார்கள். சிஹ்ர் மார்க்கத்தில் பெரும் பாவம்; அதில் ஐயமில்லை. 2002-ல் ஐக்கிய அரபு அமீரகம் அந்நூலைப் பள்ளிகளில் தடை செய்தது. அதற்குச் சில வாரங்கள் முன்பு, 2001 டிசம்பரில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஒரு கிறிஸ்தவ சபையார் அதையே தீயிலிட்டார்கள். எங்கள் வெந்நீர் அடுப்புக்கு உறவினர்கள் எல்லா நாட்டிலும் உண்டு போலும்! முதல் பாகத்தை நான் அகராதியோடு படித்தேன். மந்திரங்கள் மனத்தில் நிற்கவில்லை. தாய்தந்தையற்ற பிள்ளையை மாடிப்படியின் கீழ் படுக்க வைத்த பெரியம்மா நின்றார். யத்தீம் பிள்ளையைப் பற்றி அன்று வகுப்பில் பேசும்போது அந்தப் படிக்கட்டு என் கண்முன் இருந்தது. ஜப்பானிய காமிக்ஸ் கைபேசியில் வருகிறது. அவற்றில் நல்லது எது, ஆபாசம் எது என்று பெற்றோர் உடன் அமர்ந்து பார்க்காமல் பிள்ளையிடம் கொடுப்பதை நான் ஏற்க மாட்டேன்.

சகோதரிகளுக்கு ஒரு நூலைச் சொல்ல விரும்புகிறேன். 1905-ல் சென்னையிலிருந்து வந்த ‘இந்தியன் லேடீஸ் மேகஸின்’ என்ற ஆங்கில இதழில் ‘சுல்தானாவின் கனவு’ என்றொரு சிறுகதை வெளிவந்தது. எழுதியவர் வங்காளத்து முஸ்லிம் பெண்மணி ரொக்கையா சகாவத் ஹுசைன். அதில் வரும் நாட்டில் ஆடவர் வீட்டுக்குள் அடைந்திருக்க, பெண்கள் ஆட்சி செய்கிறார்கள். சூரிய வெப்பத்தைச் சேமித்துச் சமைக்கிறார்கள். வான ஊர்தியில் பறக்கிறார்கள். கணவர் அலுவல் பயணம் சென்றிருந்த நாட்களில் பொழுதுபோக்காக எழுதினாராம். திரும்பி வந்த கணவர் உட்காரக்கூட இல்லாமல் நின்றபடியே முழுவதும் படித்து, பயங்கரமாகப் பழி தீர்த்துவிட்டாய் என்று சொன்னாராம். அந்தக் கணவர் காலமான பின், 1911-ல் கல்கத்தாவில் அவர் பெயரிலேயே பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார் ரொக்கையா. வீடு வீடாகச் சென்று பெற்றோரிடம் மன்றாடி மாணவியரைச் சேர்த்தார். கனவில் பறந்தவர், விழித்த பின் நடந்து போய்க் கதவு தட்டினார். என் மகளுக்கு அக்கதையைத் தமிழில் சொன்னேன். “அப்போ நீங்கதான் சமைக்கணும்” என்றாள்.

இனி அந்தச் சிறுவன். ஒரு வாரம் கழித்து, ஓதி முடித்த பின் எல்லோர் முன்னிலையிலும் புத்தகத்தை அவனிடம் கொடுத்தேன். “அன்று நான் சொன்னது தவறு. நீ சொன்னதே சரி, இது கதை. ஓதும்போது மட்டும் வேண்டாம்” என்றேன். பலர் முன் அவமதித்ததைத் தனியே அழைத்துச் சரிசெய்வது நியாயமாகாது என்று தோன்றியது. அவன் வாங்கிக் கொண்டான். நம்பவில்லை என்பது கண்ணில் தெரிந்தது.

வியாழக்கிழமை மாலையில் ஓதல் முடிந்ததும் கால்மணி நேரம் கதை என்று வைத்துக் கொண்டேன். தாமிரப்பட்டணத்தில் தொடங்கினேன். நன்னிம்மாவைப் போல நிறுத்த எனக்கு வராது, வெற்றிலையும் போடுவதில்லை. மூன்றாம் வாரம் அந்தச் சிறுவனைப் படிக்கச் சொன்னேன். மாயாவியை எடுத்து எழுத்துக் கூட்டித் தொடங்கினான். பிள்ளைகள் சிரிக்கக் காத்திருந்தார்கள். மாயாவி மின்சாரக் கம்பியைத் தொடும் பக்கம் வந்தபோது அவன் தடுமாறவில்லை. பக்கம் திருப்பும் ஓசை மட்டும் கேட்டது.

பெற்றோர் ஒருவர் நிர்வாகத்திடம் முறையிட்டிருக்கிறார். “மத்ரஸாவில் காமிக்ஸா?” என்று அழைத்துக் கேட்டார்கள். இறக்கை முளைத்த குதிரையைச் சொன்னேன். தலைவர் சிறிது நேரம் பேசாமல் இருந்து, ரமழான் முடியட்டும், பார்க்கலாம் என்றார். ரமழான் முடிந்துவிட்டது. இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் புத்தகத்தின் கடைசித் தாள் கிழிந்து போயிருக்கிறது. பிள்ளைகளுக்கு முடிவு தெரியவில்லை. எனக்குத் தெரியும், சொல்லக்கூடாது என்று அவர்களே உத்தரவிட்டிருக்கிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிக்குச் சென்று வேறு பிரதி கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.